பக்கெட்டை உதைத்த கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கில மரபுத்தொடர்கள் முந்நூறு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். மழையால் வேலைக்குத் தாமதமான அன்று மேலாளருக்கு ‘இட் இஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அலுவலகமே சிரித்தது. இலக்கணப் பிழை இல்லையே? இன்னும் எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்? உச்சரிப்புக்கும் வழி சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உச்சரிப்பை விடுங்கள், அது வேறு கதை. ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ பழைய வாடை அடிக்கிற தொடர், அதனால் சிரித்திருப்பார்கள். சிரித்தது தப்பு. நீங்கள் முந்நூறை உருப்போட்டதும் தப்புதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் உருப்போட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரியின் தகப்பனார் இறந்துபோனார். இரங்கல் கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுதுவேன் என்று உட்கார்ந்தேன். கையிலிருந்த புத்தகத்தில் ‘கிக் த பக்கெட் - இறத்தல்’ என்று ஒரே வரி. உங்கள் தந்தை ‘கிக்ட் த பக்கெட்’ என்று கேள்விப்பட்டு வருந்தினேன் என்று குண்டுகுண்டான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். “தம்பி, உங்க வீட்டுல ஒரு சாவு விழுந்தா, ‘மண்டையைப் போட்டுட்டாராமே’ன்னு நான் வந்து கேட்கலாமா?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அகராதிப்படி நான் எழுதியது சரி. ஆனால் காலமானார், தவறிவிட்டார், செத்தான், மண்டையைப் போட்டான் என்ற நான்கையும் தமிழில் நீங்கள் இடம் மாற்றிச் சொல்லவே மாட்டீர்கள். யாரும் பட்டியல் போட்டுக் கற்றுத்தரவில்லை. யார், யாரிடம், எந்த முகத்தோடு சொன்னார்கள் என்று பார்த்துப் பார்த்து வந்தது அது. ஆங்கிலத்தில் மட்டும் அந்த முகத்தை ஏன் வெட்டியெறிகிறீர்கள்? ‘பிரேக் எ லெக்’ (சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘காலை உடைத்துக்கொள்’) மேடையேறப்போகிற நடிகருக்குச் சொல்லும் வாழ்த்து. அறுவை சிகிச்சைக்குப் போகிறவரிடம் சொன்னால் அது வாழ்த்தாகுமா?

இதில் கூனிக்குறுக ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் தளபதிகள் அமெரிக்கத் தளபதிகளிடம் ஒரு அவசர அறிக்கையை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்றார்களாம். அவர்களுக்கு அது உடனே விவாதிப்பது. அமெரிக்கர்களுக்கோ கிடப்பில் போடுவது. வெகுநேரம் கடுமையாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் ஒன்றையே கேட்கிறோம் என்று புரிந்ததாகச் சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆங்கிலமே தாய்மொழியானவர்கள் அவர்கள்!

புத்தகம் கேட்டிருந்தீர்கள். கற்பவர்களுக்கென்று இருக்கிற நல்ல அகராதி ஒன்று போதும். தொடருக்குப் பக்கத்தில் பேச்சுவழக்கு, பழைய வழக்கு, வேடிக்கைக்குச் சொல்வது என்று பொடி எழுத்தில் குறித்திருப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள், பொருளை அப்புறம் பார்க்கலாம். ஒரு தொடரை மூன்று பேர் வாயிலாவது கேட்ட பிறகு கையில் எடுங்கள். அதுவரை மேலாளருக்கு ‘ஹெவி ரெயின், அரைமணி நேரம் தாமதமாகும்’ என்றே எழுதுங்கள்.