முதலில் தாஷியைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: என் மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். வரும் ஏப்ரலில் நானும் கணவரும் இரண்டு வாரம் அவனுடன் போய் இருக்கப் போகிறோம். நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. குச்சியால் சாப்பிடத் தெரியாது. கையால் சாப்பிட்டால் முகம் சுளிப்பார்களா? பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோய் ஹோட்டலில் வெறும் சாதம் வாங்கிப் பிசைந்துகொள்ளலாமா? மகனின் மேலதிகாரி வேறு எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். ஏதாவது தப்பாகச் செய்து பையனுக்குத் தலைகுனிவு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: குச்சிக் கவலையை ஓரமாக வையுங்கள், சகோதரி. ஸ்பூன் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. உங்களுக்கு உண்மையான சிக்கல் தாஷி.

நம் பக்கம் மாசிக் கருவாடு என்று ஒன்று உண்டு. தூத்துக்குடிக்காரர்களும் இலங்கைக்காரர்களும் நன்றாக அறிவார்கள். அதே மீனை அதே போல வேகவைத்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்து ஜப்பானியர்கள் இழைத்த மரச் சுருள் மாதிரி சீவி எடுக்கிறார்கள். அந்தச் சீவலையும் கொம்பு என்கிற கடற்பாசியையும் வெந்நீரில் போட்டு இறக்கி வடிகட்டினால் கிடைக்கும் தெளிந்த சாறுதான் தாஷி. மிசோ என்கிற புளித்த சோயா விழுது கரைத்த சூப்பில் இது இருக்கும். உதோன், சோபா நூடுல்ஸின் குழம்பு இதுதான். மாவில் தோய்த்துப் பொரிக்கும் காய்கறி தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாறிலும், சோற்றை உள்ளே அடைத்துத் தரும் இனாரி சுஷியின் இனிப்பான டோஃபு (சோயா பனீர்) உறையிலும் இதுவே. தட்டில் மீன் துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படாது. பரிமாறுபவரே "காய்கறி மட்டும்தான்" என்று மனசார நம்பிச் சொல்வார். காய்கறிக் கறி என்று எழுதியிருக்கும் ஜப்பானிய கறி சாதத்திலும் குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருப்பது சகஜம்.

அதனால் விமானம் ஏறும் முன் நீங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள். கண்ணுக்கு மீன் தெரியாவிட்டால் போதுமா, அல்லது சாறும் கூடாதா? இதை ஹோட்டல் மேஜையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் எல்லோருக்கும் சங்கடம்.

சாறும் கூடாது என்றால், "வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்வது போதாது. இறைச்சி வேண்டாம் என்றால் ஹாம் தூவிய சாலட் வரும். இறைச்சி, ஹாம், மீன், இறால், முட்டை, மீன் தாஷி என்று ஒவ்வொன்றாக ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள் உங்கள் மகனை. உட்காருவதற்கு முன், வாசலிலேயே அதைக் காட்டுங்கள். கடைக்காரர் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி போல வைத்துக் காட்டினால், முடியாது என்று அர்த்தம். அதில் கோபமோ அவமதிப்போ இல்லை. பல கடைகளில் சமைப்பவர் ஒருவர்தான். காலையிலேயே வைத்த சாறு, அதில் எதை எடுத்துவிட முடியும்? சரியாகச் செய்ய முடியாததைச் செய்வதாக ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வராது. கெஞ்சுவதும், "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்களேன்" என்று நிற்பதும்தான் அங்கே மரியாதைக் குறைவு. தலையசைத்து நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

புளிக்காய்ச்சல் விஷயம். ஹோட்டலில் வேண்டாம். வெளியிலிருந்து உணவு கொண்டுபோவதைக் கடைகள் விரும்புவதில்லை, பலவற்றில் அனுமதியே இல்லை. மகன் வீட்டில் ஆசை தீரப் பிசைந்து கையால் சாப்பிடுங்கள். பெட்டியில் பாதிக்கு மேல் மளிகை சாமானை அடைக்கவும் தேவையில்லை. இந்தியர்கள் நிறையப் பேர் வசிக்கும் நிஷி கசாய் பகுதியில் பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் எடுத்துப்போகாதீர்கள். சான்றிதழ் இல்லாமல் பச்சை இலை, காய், பழம் எதையும் விமான நிலையத்தைத் தாண்டவிட மாட்டார்கள்.

அப்படியானால் ஜப்பானியச் சாப்பாட்டையே பார்க்காமல் திரும்புவதா? அது பாவம். கோயாசான் மலைக்குப் போய் ஒரு இரவு தங்குங்கள். 816-இல் கூகாய் என்ற துறவி தொடங்கிய பௌத்தத் தலம் அது. ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனிலிருந்து ரயில், அப்புறம் மலையேறும் கேபிள் கார். அங்குள்ள கோயில் விடுதிகளில் தருவது ஷோஜின் உணவு. மீன், இறைச்சி கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. சாறு எடுப்பது கொம்பிலும் காய்ந்த ஷீட்டாக்கே காளானிலும்தான். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டி எடுக்கும் எள் டோஃபுவைத் தவறவிடாதீர்கள். வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். விடுதியைப் பதிவு செய்யும்போதே சுத்த சைவம், முட்டை கூடாது என்று எழுதிவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிவாக்கிலேயே வந்துவிடும். அதற்கு முன் போய்ச் சேருவது உங்கள் பொறுப்பு.

வழியில் பசித்தால் எந்த மூலையிலும் இருக்கும் செவன் இலெவன், லாசன் கடைகளில் வெறும் உப்பு போட்ட சோற்று உருண்டை கிடைக்கிறதா என்று பாருங்கள். புளிப்பான உமே காய் வைத்ததும் உண்டு, ஆனால் சிலவற்றில் மீன் சாறு சேர்ப்பார்கள். கைபேசி கேமராவால் பின்பக்க எழுத்தை மொழிபெயர்த்துப் பாருங்கள். ஒவ்வாமைக்காக முட்டை, பால், கோதுமை இருப்பதைப் பாக்கெட்டில் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டம். முட்டை இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு அது உதவும். தாஷிக்குப் போடும் மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை, அதனால் முழுப் பட்டியலையும் படியுங்கள். கடற்பாசித் தாள் சுற்றிய உருண்டையின் உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். நடுவிலிருக்கும் 1-ஐக் கீழ்வரை கிழித்து, 2, 3 என்ற மூலைகளை இழுத்தால் தாள் மொறுமொறுப்பு குறையாமல் சோற்றோடு ஒட்டிக்கொள்ளும். இதைக் கையால்தான் சாப்பிட வேண்டும், சுஷியையும் கையால் எடுக்கலாம். வெறும் உறையைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் குப்பைத்தொட்டியைத் தேடினால் கால்தான் வலிக்கும்.

இனி மேலதிகாரி வீடு. இன்றே மகனை விட்டு அவரிடம் உங்கள் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் மனைவி நான்கு வகை மீன் வாங்கிவைத்த பிறகு தெரிந்தால் அவர்கள் கூனிக் குறுகிப் போவார்கள். தனித்தனியாகக் காகிதம் சுற்றிய கடலை மிட்டாய் ஒரு பெட்டி கொண்டுபோகலாம். அந்த வீட்டில் யாருக்கும் கடலை ஒவ்வாமை இல்லையே என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் கொடுங்கள். உங்கள் முன்னால் பிரிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வையுங்கள். கிழியாத காலுறை அவசியம்! அவர்கள் தரும் வீட்டுச் செருப்போடு பாய் விரித்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. கழிவறைக்கென்று தனிச் செருப்பு இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மண்டியிட்டு உட்கார முழங்கால் இடம் கொடுக்காவிட்டால் நாற்காலி கேட்கலாம், தப்பில்லை.

சாப்பாட்டில் நமக்குத் தடுமாற்றம் தருவது இடது கை. அதை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து சாப்பிடுவதுதான் அவர்களுக்கு அழகில்லாத காரியம். சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் தூக்கிப் பிடியுங்கள். சூப்பைக் கிண்ணத்தோடு வாயில் வைத்துக் குடியுங்கள். நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் வரலாம், ஏப்பச் சத்தம் வரக் கூடாது, உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள். குச்சி எடுத்தால் இரண்டு விஷயம்தான். சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது, இறந்தவருக்குப் படைப்பது அப்படி. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றவும் கூடாது, எரித்த பின் எலும்பை எடுப்பது அந்த முறையில். பொதுத் தட்டில் தனிக் குச்சி வைத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எச்சில் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைகூப்பி "இததாகிமாஸ்" என்று தொடங்கி, முடிந்ததும் "கொச்சிசோசாமா" என்று சொன்னால் வீடே மலர்ந்துவிடும்.

ரயிலில் போனில் பேசாதீர்கள், ஹோட்டலில் டிப்ஸ் வைக்காதீர்கள், விட்டுவிட்டுப் போன காசு என்று நினைத்துப் பின்னாலேயே ஓடிவருவார்கள். விருந்துக்கு மறுநாள் மேலதிகாரியைப் பார்த்ததும் உங்கள் சார்பில் இன்னொரு முறை நன்றி சொல்லும்படி மகனிடம் சொல்லுங்கள். முதல் நாளே சொல்லியாயிற்றே என்று அவன் சோம்பினாலும் விடாதீர்கள், அங்கே அதை எதிர்பார்ப்பார்கள்.