ஈய ரவைப் பை: தைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியை அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்றும் பலர் ஆசைக்காகச் சுடுகிறார்கள். அதற்கு வேண்டிய சாமான்களைத் தாங்களே செய்துகொள்வது அந்த ஆசையில் பாதி. ரவை என்பது அதில் போட்டுச் சுடும் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள். அதை எடுத்துப்போகும் தோல் பை பற்றி அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லோரும் பையின் உடம்பைப் பற்றியே கேட்கிறார்கள். பை நன்றாக உழைப்பதும் காலை வாருவதும் கழுத்திலும் அடித்தையலிலும்தான் இருக்கிறது.

பச்சைத் தோலா, பதனிட்ட தோலா?

முதல் பை என்றால் பதனிட்ட தோல். அதிலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலை நனைத்து எப்படி உருட்டினாலும் காய்ந்ததும் பழையபடி தொளதொளவென்று ஆகிவிடும். பட்டைத் தோல் ஈரத்தில் பிடித்த வடிவத்தைக் காய்ந்தபின் விடாது. கனம் 1.6 முதல் 2 மி.மீ. போதும். அமெரிக்கக் கடைகளில் இதை 4-5 அவுன்ஸ் தோல் என்று கேட்க வேண்டும். தோலில் ஒரு அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 0.4 மி.மீ. கனம். ஆவாரம்பட்டையில் பதனிட்டு ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கப்பலேறிய ‘ஈஸ்ட் இந்தியா’ தோலும் இந்த வகைதான்.

பச்சைத் தோல் என்பது சுண்ணாம்பிலோ சாம்பலிலோ ஊறவைத்து, மயிர் நீக்கி, சுரண்டிக் காயவைத்தது. பதனிடுவதில்லை. பறைக்குக் கட்டுவதும் இதைத்தான். காய்ந்தால் எலும்பு போலக் கெட்டி, பார்க்கவும் அழகு. ஆனால் ஈரக் காற்று பட்டால் தொய்யும். பறையை நெருப்பில் காட்டுவது எதற்கு என்று யோசித்தால் புரியும். சதுப்பு நிலத்தில் வாத்து வேட்டைக்குப் போகிறவருக்கு இது சரிப்படாது. ஆசை விடவில்லை என்றால், முழுக்கக் காய்ந்தபின் வெளிப்புறம் இரண்டு மூன்று முறை மெல்லியதாக ஷெல்லாக், அதாவது அரக்கு மெருகு, பூசுங்கள்.

நாய் கடிக்க விற்கும், பச்சைத் தோலில் முடிந்த எலும்பை ஊறவைத்துப் பிரித்தால் பை தைக்கலாமா?

தைக்கலாம், பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பெரிய முடிச்சு எலும்பாகப் பார்த்து வாங்கி, ஒரு இரவு தண்ணீரில் போட்டுப் பிரியுங்கள். கனம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் பைக்கு இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் வெட்டக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். தைத்த பையை வீட்டு நாய்க்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள். உள்ளே ஈயம் இருக்கும், விளையாட்டில்லை.

எவ்வளவு பெரிய பை தைப்பது?

நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாக. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11 கிராமுக்கு மேல். ரவைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைக் கழித்தாலும் ஒரு கிலோ ரவைக்கு 150 மி.லி. இடம் போதும், அதாவது ஒரு சின்ன டம்ளர் அளவு. தட்டையாக வைத்தால் 9 செ.மீ. அகலம், கழுத்து நீங்கலாக 12 செ.மீ. உயரம் உள்ள பேரிக்காய் வடிவப் பை ஒரு கிலோவைத் தாராளமாகப் பிடிக்கும். ஒரு கெட்டிப்புக்கு ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் என்றால் 35 தடவைக்கு வரும். இதற்குமேல் தோளில் தொங்கவிட்டு நடந்தால் மாலையில் கழுத்து வலிக்கும்.

நிரப்பித் தூக்கினதும் அடித்தையல் விட்டுவிடுகிறது. நூலை மாற்ற வேண்டுமா?

நூலைக் குறை சொல்லாதீர்கள். ரவை தண்ணீர் மாதிரி பாயும், மொத்த எடையும் அடியில் ஒரே கோட்டில் விழும். அதனால் முதலில் அடித்தையலே இல்லாமல் செய்ய முடியுமா என்று பாருங்கள். ஒரே தோலை அடியில் மடித்து இரு பக்கமும் தைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. பேரிக்காய் வடிவம்தான் வேண்டும் என்றால் இரண்டு துண்டு, நடுவில் 6 மி.மீ. அகலத்தில் ஒரு தோல் பட்டி வைத்து மூன்றையும் சேர்த்துத் தையுங்கள். அந்தப் பட்டி இல்லாமல் தைத்தால் ரவை நேராக நூலில் உரசும், நுண்ணிய ரவை தையல் வழியே ஒழுகவும் செய்யும்.

தையல் இரண்டு ஊசி, ஒரே நூல். தேன்மெழுகு தேய்த்த லினன் நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் விட்டு இழுக்க வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் நிற்கும். மெஷின் தையல் அப்படியில்லை, பிரிந்துகொண்டே போகும். துளைகளுக்கிடையே 4 மி.மீ. இருக்கட்டும். பதனிட்ட தோலில் விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளித் துளையிட்டால் போதும். பச்சைத் தோலில் 6 மி.மீ.யாவது தள்ளிப் போடுங்கள். அது காயும்போது சுருங்கி நூலை இழுக்கும், விளிம்புக்கு அருகில் துளை இருந்தால் கிழிந்துவிடும்.

மணல் திணித்து உருவாக்கச் சொல்கிறார்கள். பை ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஓவனில் காயவைத்தது தப்பா?

தப்புதான். ஈரப் பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சுருண்டு பசையாகத் தொடங்கும். பட்டைத் தோல் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் உடையக்கூடியதாகிவிடும். நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். அவசரம் வேண்டாம்.

மணலை முதலில் நன்றாக உலர்த்திச் சலித்துக்கொள்ளுங்கள். ஈரமான பையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு குச்சியால் லேசாகக் குத்தி இறுக்க வேண்டும். கல் மாதிரி இறுக்கினால் தையல் துளைகள் வாய் பிளக்கும். நாளுக்கு இரண்டு முறை கையால் தட்டிக் கோணலைச் சரிசெய்யலாம். அரிசி, தானியம் திணிக்காதீர்கள். ஈரத்தை இழுத்து ஊதும். காய்ந்தபின் மணலைக் கொட்டி, பத்துப் பதினைந்து கூழாங்கல் போட்டுக் குலுக்குங்கள், ஒட்டியிருப்பது உதிரும். மிச்ச மணல் ரவையோடு குழலுக்குள் போனால் உட்புறத்தைக் கீறும்.

ரவை கழுத்தில் சிக்கிக்கொள்கிறது.

கழுத்து குறுகல். பரல், அதாவது ஒற்றை ரவை மணி, எதுவானாலும் வாயின் விட்டம் பரலின் விட்டத்தைப்போல ஐந்தாறு மடங்காவது இருந்தால்தான் தடையில்லாமல் விழும். இல்லாவிட்டால் பரல்கள் ஒன்றையொன்று தாங்கி வளைவு கட்டிக்கொள்ளும். அமெரிக்க 6-ஆம் எண் ரவை 2.8 மி.மீ., எனவே உள்விட்டம் 16 மி.மீ. வையுங்கள். மூங்கிலோ மாட்டுக்கொம்போ வெட்டிச் செருகி, வெளியே தோலை நூலால் இறுக்கிக் கட்டினால் கழுத்து தயார். கட்டும்போது தோல் ஈரமாக இருக்க வேண்டும். மான் வேட்டைக்கான பெரிய ரவையை இப்படிப்பட்ட பையில் போடவே வேண்டாம், துணிப்பையே மேல்.

மூடியைக் குடைந்து அளவுக் கிண்ணமாகவே செய்துவிடுங்கள். மருந்துக்கும் ரவைக்கும் ஒரே கொள்ளளவு என்பது குழலின் உட்புறம் வழவழப்பாக உள்ள துப்பாக்கிக்குப் பழைய வழக்கம், ஒரே கிண்ணம் இரண்டுக்கும் ஆகும். எந்த அளவிலிருந்து தொடங்குவது என்பதைத் துப்பாக்கி செய்தவரின் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அமெரிக்க விடுதலைப் போர்க்கால வேடத்துக்குப் பை வேண்டும். விசை வைத்த பித்தளை மூக்கு பொருத்தலாமா?

கூடாது. நெம்புகோலை அழுத்தினால் அளவாகக் கொட்டும் அந்த மூக்கு 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு, ஷெஃபீல்டில் டிக்சன், ஹாக்ஸ்லி போன்றவர்கள் செய்து குவித்தது. 1776-க்கு மரத்தக்கையே சரி. உருண்டையான ரவைக்கும் இதே கணக்கு உண்டு. உயரமான கோபுரத்திலிருந்து உருகிய ஈயத்தைச் சொட்டவிட்டு ரவை செய்யும் முறைக்கு பிரிஸ்டலின் வில்லியம் வாட்ஸ் காப்புரிமை வாங்கியதே 1782-இல்தான். இதை யாரும் பைக்குள் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சில மாதம் பையிலேயே விட்ட ரவையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது.

பட்டைத் தோலிலுள்ள அமிலமும் ஈரமும் ஈயத்தை அரித்ததால் வந்தது. அந்தப் பொடி நஞ்சு. ஊதித் தள்ளாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துத் துணியை எறியுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுட்டு முடிந்ததும் பையைக் காலி செய்துவிட்டு ரவையை மூடிய டப்பாவில் வைப்பதே நல்லது. இன்னொன்று: அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991 முதல் நாடு முழுக்கத் தடை, கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. அங்கே பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை போடுங்கள். அது ஈயத்தைவிட லேசு, அதே எடைக்குப் பை சற்றுப் பெரிதாக வேண்டும்.

இதே பையில் மருந்தையும் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மருந்துக்குத் தனியாகக் கொம்புக் குப்பி.