ப்ளே ஸ்கூலில் கடிக்கும் குழந்தை: என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 2 மாதம். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை ப்ளே ஸ்கூலில் இருக்கிறான். இரண்டு வாரத்தில் மூன்று குழந்தைகளைக் கடித்துவிட்டான். கடைசியாக, மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவ வரிசையில் நின்றபோது ஒரு குழந்தையின் கையில் பல் பதியக் கடித்திருக்கிறான். 'இன்னொரு முறை நடந்தால் நிறுத்திவிடுவோம்' என்கிறார்கள். வீட்டில் யாரையும் கடிப்பதில்லை. திருப்பிக் கடி, இல்லாவிட்டால் வாயில் மிளகாய் தடவு என்கிறார் மாமியார்.
- வாசகி, திருப்பூர்

பதில்: மிளகாய், சூடு, திருப்பிக் கடிப்பது மூன்றும் வேண்டவே வேண்டாம். தனக்கு வலிப்பதையும் தான் கடித்தவனுக்கு வலித்ததையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கும் வயது இல்லை இது. பெரியவர்களும் கடிப்பார்கள் என்பதைத்தான் கற்றுக்கொள்வான். மிளகாய் பட்ட கை கண்ணுக்குப் போகும். அந்த எரிச்சலைக் குழந்தை தாங்காது. உங்கள் மகன் முரடனும் இல்லை. ஒன்று முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை ஒரே அறையில் வைத்திருக்கும் எந்த இடத்திலும் கடி நடக்கும். கோபம் பெரிதாக இருக்கிறது, அதைச் சொல்ல வார்த்தை இல்லை, பல் இருக்கிறது.

வீட்டில் கடிப்பதில்லை, கை கழுவும் வரிசையில் கடித்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. பசி நேரம், நெருக்கியடித்து நிற்கும் பிள்ளைகள், எவ்வளவு நேரம் என்று புரியாத காத்திருப்பு. மற்ற இரண்டு கடிகளும் எப்போது நடந்தன? மிஸ்ஸிடம் ஒரு சின்ன நோட்டுக் கொடுத்துப் பத்து நாள் எழுதச் சொல்லுங்கள்: மணி என்ன, எந்த இடம், யாரை, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, பிறகு பெரியவர்கள் என்ன செய்தார்கள். கடிக்க வந்து தடுக்கப்பட்டதையும் எழுத வேண்டும். நான்காவது விவரத்தைத்தான் பலர் விட்டுவிடுவார்கள், அதுதான் முக்கியம்.

எல்லாம் மதியத்துக்கு முன்பே நடந்திருந்தால் பத்தரை மணிக்கு ஒரு வாழைப்பழமோ இட்லியோ கொடுத்து, கை கழுவ அவனை முதலில் அனுப்பினாலே பாதி குறையும். பொம்மைக்காக என்றால், எல்லோரும் அடித்துக்கொள்ளும் அந்தப் பொம்மையில் இன்னொன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பகிர்ந்து விளையாடுவதை இந்த வயதில் எதிர்பார்க்க முடியாது. மாலையில் என்றால் தூக்கத்தைக் கவனியுங்கள். பகல் தூக்கமும் சேர்த்து 11 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. எச்சில் வழிந்து, கையில் கிடைத்ததையெல்லாம் மென்றால் பின்பக்கக் கடைவாய்ப் பல் முளைக்கலாம். சுத்தமான துணியை நனைத்து ஃப்ரிட்ஜில் குளிரவைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். ஈறு மரத்துப்போகத் தடவும் ஜெல் வேண்டாம். பச்சைக் கேரட்டும் வேண்டாம், துண்டு உடைந்து தொண்டையில் அடைக்கும்.

எந்த நேரத்தில் கடிக்கிறான் என்பது நோட்டில் தெரிந்துவிடும். அந்த அரை மணி நேரம் மட்டும் ஒரு மிஸ் அவனுக்குக் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். கடிப்பதற்குச் சற்றுமுன் உடம்பு விறைத்து, வாய் திறந்து, முகம் எதிர்க் குழந்தையின் தோளை நோக்கிப் போகும். அந்த நொடியில் உள்ளங்கையை நடுவில் வைத்து, "தள்ளிப் போன்னு சொல்லு" என்று அவன் சொல்லவேண்டியதை எடுத்துக்கொடுக்க வேண்டும். அறையின் மறுமுனையிலிருந்து கத்தினால், சத்தம் போய்ச் சேர்வதற்குள் கடித்துவிடுவான்.

அதையும் மீறிக் கடித்து, விடாமல் பிடித்திருந்தால் கையை இழுக்கக் கூடாது, தோல் கிழியும். கடிபட்ட கையை அவன் வாய்ப்பக்கமே லேசாக அழுத்தினால் வாய் திறக்கும். பிறகு குனிந்து, முகம் பார்த்து, "கடிக்கக் கூடாது. பாப்பாவுக்கு வலிக்குது." அவ்வளவு போதும். உடனே கடிபட்ட குழந்தையிடம் திரும்பிவிட வேண்டும். பத்துப் பேர் கூடிக் கத்தினால் அதுவே அவனுக்கு வேடிக்கை. வற்புறுத்தி 'சாரி' சொல்லவைப்பதாலும் பயனில்லை.

தோல் கிழியாவிட்டால் ஈரத்துணி ஒத்தடம் போதும். கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுச் சில நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மஞ்சள், காப்பித்தூள் வைக்கக் கூடாது. இரண்டு குழந்தைகளுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், கடிபட்ட குழந்தைக்கு டெட்டனஸ் தடுப்பூசியும் முடிந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

வீட்டில் உங்கள் மாமியாரால் பெரிய உதவி செய்ய முடியும். இரண்டு கரண்டி வைத்து, ஒன்றைப் பேரனிடமிருந்து மெல்ல எடுக்கட்டும். "தா", "என்னோடது", "வேணாம்" என்று அவன் சொன்னதும் திருப்பிக் கொடுக்கட்டும். தினமும் இரண்டு முறை, ஐந்து நிமிடம். வார்த்தையால் காரியம் நடக்கிறது என்று தெரிந்தால் பல்லுக்கு வேலை குறையும். யாராவது அவன் கன்னத்தைக் கடித்துக் கொஞ்சுகிறார்களா? "கடிச்சுடுவேன்" என்று விளையாடுகிறார்களா? இன்றோடு நிறுத்துங்கள். மாலை வீட்டுக்கு வந்ததும் மதியக் கடிக்குத் திட்டாதீர்கள். எதற்குத் திட்டு என்றே அவனுக்குப் புரியாது.

ஒரே வாரத்தில் நிற்காது. மூன்று, நான்கு வாரம் விடாமல் செய்தும் குறையவில்லை, இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, தன் கையையே கடிக்கிறான், மண் தின்கிறான், இதில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் பேச்சு, வளர்ச்சிப் பரிசோதனை இலவசம்.

ப்ளே ஸ்கூல் பொறுப்பாளரிடம் நேரில் போய், நோட்டையும் இந்த அரை மணி நேர ஏற்பாட்டையும் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் அங்கேயே தொடரட்டும். ஆள் இல்லை, முடியாது என்றால் அவர்கள் நிறுத்தும்வரை காத்திருக்காமல் நீங்களே மாற்றிவிடுங்கள். புது இடத்தில் சேர்க்கும்போது ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டுக்கொண்டு, கடிக்கும் விஷயத்தை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.