போஸ்ட்டாக் சம்பளமும் வரிப் பிடித்தமும்: வாசகர் கேள்வி – பதில்

மார்ச் வந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி வரியைப் பற்றித்தான். இந்த முறை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் போஸ்ட்டாக்காக (பிஎச்டி முடித்தபின் செய்யும் தற்காலிக ஆராய்ச்சி வேலை) இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானும் ஒரு காலத்தில் ஜே-1 விசாவில் (ஆராய்ச்சியாளர்கள் போன்றோருக்கான பரிமாற்ற விசா) போனவன்தான். முதல் இரண்டு வருஷம் சம்பளச் சீட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அதற்கான விலையையும் கொடுத்தேன். அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 27 அன்று ஜே-1 விசாவில் ஹூஸ்டன் வந்தேன், மனைவியும் கூடவே வந்தார். 2024 முழுக்க ஃபைகா (சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சம்பளத்தில் பிடிப்பது) எதுவும் பிடிக்கவில்லை. 2025 ஜனவரியிலிருந்து மாதம் 395 டாலர் குறைகிறது. அதே லேபில் எனக்குப் பத்து நாள் கழித்து வந்து சேர்ந்தவருக்கு 2025-லும் பிடிக்கவே இல்லை. பேரோலில் (சம்பளப் பிரிவு) கேட்டால் சரியாகத்தான் பிடிக்கிறோம் என்கிறார்கள். இது என்ன நியாயம்?
– ஹூஸ்டன் வாசகர்

நியாயமா என்று கேட்டால் எனக்கும் இல்லை என்றுதான் படுகிறது. ஆனால் பேரோல் சொல்வது சட்டப்படி சரி. ஜே-1 ஆராய்ச்சியாளர் ஒருவர் முதல் இரண்டு காலண்டர் வருஷம் வரிக் கணக்கில் ‘நான்-ரெசிடென்ட்’, அதாவது அங்கே வசிப்பவர் அல்லாதவர். அந்த நிலை இருக்கும்வரை சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டும் பிடிக்கக் கூடாது. இங்கே வருஷம் என்றால் 365 நாள் இல்லை, காலண்டர் வருஷம். நீங்கள் 2023-ல் இருந்தது ஐந்தே நாள், ஆனாலும் அது ஒரு முழு வருஷமாகக் கணக்கில் ஏறிவிட்டது. 2024 இரண்டாவது. 2025 பிறந்ததும் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள், அந்த வருஷத்தில் 183 நாள் இருந்தால் நீங்கள் வரி விஷயத்தில் ரெசிடென்ட். உங்கள் நண்பர் ஜனவரியில் வந்ததால் அவருக்கு 2024, 2025 இரண்டும் முழுசாகக் கிடைத்தன. டிக்கெட் கொஞ்சம் மலிவு என்று டிசம்பர் கடைசியில் கிளம்புகிறவர்களை நான் இதைச் சொல்லித்தான் நிறுத்துகிறேன், வேலையில் சேரும் தேதி இடம்கொடுத்தால் ஜனவரி 2-ம் தேதி கிளம்புங்கள். இன்னொன்று, முந்தைய ஆறு வருஷத்துக்குள் எஃப் (மாணவர் விசா) அல்லது ஜே விசாவில் அங்கே இருந்திருந்தால் அந்த வருஷங்களும் இந்தக் கணக்கில் சேரும்.

நீங்கள் அனுப்பிய சீட்டைப் பார்த்தேன். மாதச் சம்பளம் 5,166.67, அதற்குக் கீழே ‘ஓஏஎஸ்டிஐ’ என்று சோஷியல் செக்யூரிட்டிக்கு 320.33, ‘மெட்’ என்று மெடிகேருக்கு 74.92. அதாவது 6.2 சதவீதமும் 1.45 சதவீதமும். வருஷத்துக்கு 4,743 டாலர். இது உங்களுக்கு ஓய்வூதியமாகத் திரும்பி வர 40 கிரெடிட் வேண்டும், வருஷத்துக்கு அதிகபட்சம் நான்கு கிரெடிட் என்பதால் பத்து வருஷ வேலை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் கிடையாது, ஆகவே நாலைந்து வருஷத்தில் ஊர் திரும்புகிறவர்களுக்கு அந்தப் பணம் போனதுதான். எத்தனையோ பேருடைய சேமிப்பு இப்படிப் போவதைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள், இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2024-ல் நீங்கள் நான்-ரெசிடென்டாக இருந்தபோது, வருமானத்தில் ஒரு தொகையை வரியில்லாமல் கழித்துவிடும் ஸ்டாண்டர்டு டிடெக்‌ஷன் இல்லை, மனைவியோடு சேர்ந்து ரிட்டர்ன் போடவும் முடியாது. 62,000 டாலருக்கு ஃபெடரல் (மத்திய அரசின்) வரி 8,693. 2025-ல் இருவரும் ரெசிடென்ட். சேர்ந்து போட்டால் 31,500 டாலர் ஸ்டாண்டர்டு டிடெக்‌ஷன், மீதி 30,500-க்கு வரி 3,183 டாலர்தான். வருமான வரியில் 5,510 மிச்சம், ஃபைகாவில் 4,743 செலவு. மொத்தத்தில் நீங்கள் நஷ்டப்படவில்லை. தனி ஆளாக இருந்திருந்தால் 1,360 டாலர் போல இழப்புதான். இந்த மிச்சம் மாதச் சம்பளத்திலேயே தெரிய வேண்டுமானால் எவ்வளவு வரி பிடிப்பது என்று பேரோலுக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். வந்த புதிதில் ‘என்ஆர்ஏ’ (நான்-ரெசிடென்ட் என்பதன் சுருக்கம்) என்று எழுதிக் கொடுத்தது அப்படியே கிடந்தால், பழைய கணக்கிலேயே பிடித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மாற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்த ஏப்ரலில் நல்ல தொகை ரீஃபண்டாக வரும். மனைவிக்கு எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இல்லையென்றால் டபிள்யூ-7 படிவத்தை ரிட்டர்னோடு சேர்த்தே அனுப்பி ஐடிஐஎன் (அதற்குப் பதிலான வரி எண்) வாங்கலாம்.

2024 அக்டோபரில் ஜே-1-ல் வந்தேன். ஒப்பந்தப்படி வரிவிலக்குக் கேட்கும் 8233 படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் ஃபெடரல் வரியே பிடிக்கவில்லை. இப்போது பிஐ (லேபின் தலைமை ஆராய்ச்சியாளர்) இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். ஏதாவது சிக்கல் வருமா?
– ஆன் ஆர்பர் வாசகி

வரும், பெரிய சிக்கல். நீங்கள் பயன்படுத்தியது இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22-வது பிரிவு. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கோ கற்பிக்கவோ இரண்டு வருஷத்துக்கு மிகாமல் வருகிறவருக்கு அந்தச் சம்பளத்தின்மேல் வரி இல்லை என்கிறது. பிரச்சினை ‘மிகாமல்’ என்ற அந்த ஒரு சொல்லில். பல நாட்டு ஒப்பந்தங்களில் இரண்டு வருஷம் முடிந்ததும் சலுகை நின்றுவிடும், அவ்வளவுதான். இந்தியாவுடனான ஒப்பந்தத்தில் அப்படி இல்லை. இரண்டு வருஷத்தைத் தாண்டித் தங்கினால் முதல் நாளிலிருந்தே சலுகை ரத்து. இதுவரை கட்டாத வரி அத்தனையையும் வட்டியோடு கட்ட வேண்டும். பிரிட்டன், ஜெர்மனி ஒப்பந்தங்களிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு.

மேலே ஃபைகாவுக்குக் காலண்டர் வருஷம் என்றேன் அல்லவா, இதற்குத் தேதிக்குத் தேதி. 2024 அக்டோபரில் என்ன தேதியில் வந்திறங்கினீர்களோ 2026 அக்டோபரில் அதே தேதிதான் எல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

60,000 டாலர் சம்பளத்துக்கு 2025-க்கான ஃபெடரல் வரி மட்டும் 8,114 டாலர் ஆகிறது. தங்குவது என்று முடிவாகிவிட்டால், இந்த ஏப்ரலில் 2025-க்கான 1040-என்ஆர் (நான்-ரெசிடென்டுக்கான ரிட்டர்ன்) போடும்போதே விலக்கைக் கோராமல் வரியைக் கட்டிவிடுங்கள். 2024-ன் மூன்று மாதத்துக்கு 1040-எக்ஸ் போட்டுத் திருத்துங்கள், அந்தத் தொகை சிறியதுதான். பேரோலிலும் உடனே சொல்லி இனி வரி பிடிக்கச் சொல்லுங்கள். இன்னும் முடிவாகவில்லை என்றால் கட்டாமல் விட்ட வரிப் பணத்தைத் தனி சேவிங்ஸ் கணக்கில் போட்டு வையுங்கள், கைவைக்கவே வேண்டாம். இரண்டு வருஷம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் அன்று அது உங்கள் பணம்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: டிஎஸ்-2019 (ஜே-1-ல் எவ்வளவு காலம் என்று சொல்லும் ஆவணம்) மூன்று வருஷத்துக்குக் கொடுத்திருந்தால் இந்தச் சலுகைக்கு நீங்கள் ஆரம்பத்திலேயே தகுதியில்லை. இன்டர்நேஷனல் ஆபீஸில் யாராவது படிவத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் வரித்துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், படிவத்தை நீட்டியவர் இல்லை.

ஒப்பந்தப்படி வரி இல்லை என்றார்கள், ஆனால் கலிஃபோர்னியா மாநில வரி பிடித்திருக்கிறார்களே?
– சான் டியாகோ வாசகர்

சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். ஒப்பந்தம் ஃபெடரல் அரசோடு போட்டது, கலிஃபோர்னியா அதை ஏற்பதில்லை. பென்சில்வேனியா, நியூ ஜெர்சியும் அப்படியே. டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டனில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை என்பதால் அங்கே இருப்பவர்களோடு ஒப்பிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வந்து முதல் வருஷம். டர்போடாக்ஸில் போட்டுப் பார்த்தால் 3,000 டாலர் ரீஃபண்டு காட்டுகிறது. பிஎச்டி படிக்கும் நண்பரும் ஸ்டாண்டர்டு டிடெக்‌ஷன் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார். நானும் எடுக்கலாமா?
– அட்லாண்டா வாசகர்

எடுக்கக் கூடாது. உங்கள் நண்பர் மாணவர். ஒப்பந்தத்தின் 21-வது பிரிவு இந்திய மாணவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகையைத் தருகிறது, ஜே-1 ஆராய்ச்சியாளர் மாணவர் கணக்கில் வரமாட்டார். டர்போடாக்ஸ் 1040-என்ஆர் படிவத்தையே கையாளாது, ரெசிடென்டுக்கான 1040-ஐத்தான் போடும், அந்த 3,000 வந்ததே அதனால்தான். ஸ்பிரின்டாக்ஸ் மாதிரி நான்-ரெசிடென்டுக்கான மென்பொருளை நிறையப் பல்கலைக்கழகங்கள் வாங்கித் தருகின்றன, கேட்டுப் பாருங்கள். இருந்த நாள்களை ரெசிடென்ட் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் 8843 படிவத்தை மறக்க வேண்டாம். ஜே-2-ல் (ஜே-1 குடும்பத்தாருக்கான விசா) இருக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும், ஒரு டாலர் வருமானம் இல்லாவிட்டாலும், ஆளுக்கொன்று அனுப்ப வேண்டும்.

நான்-ரெசிடென்டாக இருந்த வருஷத்திலும் தவறுதலாக ஃபைகா பிடித்துவிட்டார்கள். திரும்ப வாங்க முடியுமா?
– மேடிசன் வாசகர்

முடியும். முதலில் பேரோலுக்கு எழுத்தில் கேளுங்கள், அவர்கள் திருப்பித் தந்து புது டபிள்யூ-2 (வருஷச் சம்பளச் சான்று) தருவதுதான் சுலபமான வழி. மறுத்தால் அந்த மறுப்பையும் வைத்து 843, 8316 என்ற இரண்டு படிவங்களை வரித்துறைக்கு அனுப்புங்கள். பொதுவாக மூன்று வருஷம் அவகாசம் உண்டு. மாதக்கணக்கில் ஆகும், ஆனாலும் விடாதீர்கள். ஒரு விஷயம், ஜே-2 மனைவி வேலை அனுமதி வாங்கி வேலை பார்த்தால் அவருக்கு இந்த விலக்கு இல்லை.

கிரீன் கார்டு இருக்கிறது. பிஐயின் கிராண்டிலிருந்து டி32 ஃபெல்லோஷிப்புக்கு (அரசு நிதியில் வரும் ஆராய்ச்சிப் பயிற்சி உதவித்தொகை) மாறினேன். அதே தொகைதான், ஆனால் கையில் திடீரென நிறைய வருகிறது. எதுவும் பிடிப்பதில்லை. வரி இல்லையா?
– பாஸ்டன் வாசகி

வரி உண்டு, பிடித்தம்தான் இல்லை. ஃபெல்லோஷிப் ஸ்டைபெண்ட் சம்பளம் ஆகாது, அதனால் டபிள்யூ-2 வராது, ஃபைகாவும் இல்லை. ஆனால் வருமான வரியை நீங்களே நான்கு தவணையாகக் கட்ட வேண்டும்: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. என்ஐஹெச்சின் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) 2025 நிதியாண்டு ஆரம்பநிலை ஸ்டைபெண்டான 62,232 டாலருக்கு, தனி ஆள் என்றால், 2025 கணக்குப்படி ஃபெடரல் வரி சுமார் 5,340. தவணைக்கு 1,335 போல. மாசசூசெட்ஸின் 5 சதவீதம் தனி, அதையும் தவணையாகக் கட்ட வேண்டும். போன வருஷம் மொத்தம் எவ்வளவு வரி வந்ததோ அந்தத் தொகையை நான்காகப் பிரித்துக் கட்டிவிட்டால், இந்த வருஷ வரி எவ்வளவு ஆனாலும் தவணைக்கான அபராதம் வராது. கூடுதலாக வரும் பணத்தில் ஒரு பகுதி அரசாங்கத்துடையது என்பதை மட்டும் முதல் மாதமே ஒதுக்கி வையுங்கள். ஃபெல்லோக்களுக்கு 403(பி) என்ற வேலையிட ஓய்வூதியச் சேமிப்பு பொதுவாக நின்றுவிடும், ஆனால் 2020 முதல் இந்த ஸ்டைபெண்டைக் காட்டி ஐஆர்ஏ என்ற சொந்த ஓய்வூதியக் கணக்கில் போடலாம்.

எனக்கு இது மூன்றாவது வருஷம். ஊரில் எஃப்டி, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டு இருக்கிறது. அப்பாவின் பென்ஷன் கணக்கில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. இதையெல்லாம் காட்ட வேண்டுமா?
– ராலே வாசகர்

ரெசிடென்ட் ஆன வருஷத்திலிருந்து உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் காட்ட வேண்டும், எஃப்டி வட்டி உட்பட. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்த்து ஏதாவது ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை) தாக்கல் செய்ய வேண்டும், அது தனி, வரி ரிட்டர்னோடு போவதில்லை. அப்பாவின் பென்ஷன் பணம் உங்கள் வருமானம் இல்லை, ஆனால் ஜாயின்ட் கணக்கு என்பதால் எஃப்பாரில் அதன் முழு இருப்பையும் காட்ட வேண்டும். நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான். ஆத்திர அவசரத்துக்குப் பணம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று வங்கிக்காரர் சொல்லிப் பெயரைச் சேர்த்திருப்பார்கள், பிள்ளைக்கே நினைவிருக்காது. அபராதம் கடுமை, ஆகவே அப்பாவிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இந்திய மியூச்சுவல் ஃபண்டு இன்னும் தொல்லை. அமெரிக்கச் சட்டம் அதற்கு 8621 என்ற தனிப் படிவமும் தனி வரி முறையும் வைத்திருக்கிறது. கிளம்பும் முன்போ, நான்-ரெசிடென்டாக இருக்கும்போதோ விற்றுவிடுவது நல்லது. உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டதால் ஒரு சிபிஏவிடம் (அமெரிக்க ஆடிட்டர்) காட்டிவிட்டு விற்பதா வைப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

மகன் அங்கே போஸ்ட்டாக். மாதம் 500 டாலர் என் கணக்குக்கு அனுப்புகிறான். அதற்கு நான் வரி கட்ட வேண்டுமா? பக்கத்து வீட்டில் கட்ட வேண்டும் என்கிறார்கள், பயமாக இருக்கிறது.
– கும்பகோணம் வாசகி

பயப்படாதீர்கள் அம்மா. பிள்ளை பெற்றோருக்கு அனுப்பும் பணம் உறவினர் தரும் அன்பளிப்பு, எவ்வளவு ஆனாலும் உங்களுக்கு வரி இல்லை. அதை எஃப்டியில் போட்டு வட்டி வந்தால் அந்த வட்டி மட்டும் உங்கள் வருமானம். 2026 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி வந்திருக்கிறது, அதைத்தான் யாரோ அரைகுறையாகக் கேட்டிருப்பார்கள். ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ கொடுத்து அனுப்பினால்தான் அது, அதுவும் அனுப்புகிறவருக்குத்தான். மகன் தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அதுவும் கிடையாது. வங்கியில் யாராவது கேட்டால் மகன் அனுப்பும் குடும்பச் செலவுப் பணம் என்று சொல்லுங்கள், போதும்.