இளநிலை உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கு உங்கள் அறிவுரை என்ன?

கேள்வி கேட்டவர், நீட் தேர்வில் போதிய மதிப்பெண் பெறாததால் ஓர் அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்ததாகவும், முதலாண்டு முடிந்துவிட்டதாகவும், மீதமுள்ள இரண்டு ஆண்டுகளை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். காவிரிப் படுகையில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால், நான் நன்கறிந்த தமிழகக் கல்லூரிச் சூழலை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன். தாவரவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மீண்டும் நீட் எழுதும் எண்ணம் இருந்தால் தாராளமாக எழுதுங்கள்; ஆனால் இதுவே கடைசி முறை என்று வீட்டாரிடம் சொல்லி ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். கெடு வைக்காதவர்கள் மூன்று ஆண்டுகளையும் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலக் கழித்துவிடுகிறார்கள். பட்டம் மட்டும் கைக்கு வருகிறது, படித்த பாடம் வருவதில்லை. திறமை குறைவான மாணவர்களைவிட இப்படி மனம் ஊன்றாத மாணவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

நான் சொல்ல விரும்புவது அடிப்படையில் ஒன்றுதான். பட்டம் முடிப்பதற்குள் ஏதாவது ஓர் உயிரினக் குழுவை உங்கள் கண்ணால் பார்த்து நன்கு அறிந்துகொள்ளுங்கள். பார்த்ததை எண்ணவும், எண்ணியதைக் கணக்கிடவும் கற்றுக்கொள்ளுங்கள். நமது பாடத்திட்டம் அமீபா முதல் பாலூட்டி வரை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவதால், எதையும் முழுமையாக அறிந்துகொள்வது எப்படியிருக்கும் என்ற அனுபவமே பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்த அனுபவம் ஒருமுறை கிடைத்துவிட்டால் மற்றப் பாடங்களைப் படிக்கும் முறையே மாறிவிடும்.

எந்தக் குழு என்பது உங்கள் ஊரைப் பொறுத்தது. நெல் வயல் உள்ள ஊர் என்றால் நான் தட்டான்களைச் சொல்வேன். செலவு இல்லை, பகலில் பறப்பவை, கைப்பேசியிலேயே படம் எடுக்கலாம். இந்தியாவில் ஏறத்தாழ 500 இனங்கள் இருந்தாலும், ஒரு கிராமத்தில் காணக்கூடியவற்றை ஓர் ஆண்டில் அடையாளம் காணப் பழகிவிடலாம். உட்காரும்போது இறக்கைகளை விரித்து வைத்திருப்பது தட்டான். மெலிந்த உடலோடு, பெரும்பாலும் இறக்கைகளை முதுகின்மேல் சேர்த்து வைத்திருப்பது ஊசித்தட்டான். இந்த இடத்தில் தொடங்கினால் போதும். பிறகு வயல் நீரில் தட்டான்களின் இளவுயிரிகளைத் தேடுங்கள்; மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டி அவை கொசுப்புழுவைப் பிடிப்பதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து நேரில் பார்த்தவருக்கு, பூச்சிகளின் வாயுறுப்புகள் பற்றிய பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது. நெற்பயிரின் தண்டில் அவை கழற்றிவிட்டுப் போகும் தோலுறையை எண்ணினால், அந்த வயலிலிருந்து எத்தனை தட்டான்கள் வெளிவந்தன என்பதற்கு ஓரளவு கணக்கே கிடைத்துவிடும்.

தேதி போட்டுக் குறித்து வைப்பதன் வலிமைக்கு இதே தட்டான்களிலிருந்து ஒரு சான்று உண்டு. மழைக்காலத்தை ஒட்டி நம் ஊர்களில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் நிறத் தட்டானின் அறிவியல் பெயர் பான்டலா ஃபிளேவெசென்ஸ். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், நன்னீர் நிலைகளே அரிதான அந்தப் பவளத் தீவுகளில் அக்டோபர் முதல் இவை பெருந்திரளாக வந்திறங்குவதைக் கவனித்து, ஆண்டுதோறும் வந்த நாட்களைக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு, இவை இந்தியாவிலிருந்து புறப்பட்டு இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன என்ற கருத்தை 2009-இல் வெளியிட்டார். தட்டான் அவருடைய துறையே அல்ல என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கு. கணிதம் வராது என்பதற்காகவே உயிரியலை எடுத்தவர்கள் பலர் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இதைத் தவிர்க்க வழியில்லை. பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் பத்து இடங்களிலும் தெளிக்காத வயலில் பத்து இடங்களிலும் தட்டான்களை எண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஒன்றில் 11, மற்றொன்றில் 14 என்று வந்தால், அந்த வேறுபாடு மருந்தால் வந்ததா, தற்செயலாக வந்ததா? ஒவ்வொரு வயலுக்குள்ளும் எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. விடை கிடைத்த பிறகும், இரண்டே வயல்களை வைத்து மருந்தைக் குற்றம் சொல்லிவிடலாமா என்ற அடுத்த கேள்வி காத்திருக்கும். 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், இத்தகைய வயல் சோதனை எண்களோடு மல்லுக்கட்டியபோதுதான், எண்களின் சிதறலைக் கொண்டு சராசரிகளின் வேறுபாட்டை எடைபோடும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு உருப்பெற்றது. அந்த வகையில் புள்ளியியல் நம் வீட்டுப் பிள்ளைதான். உயிர்ப்புள்ளியியல் தாளை இரண்டு மதிப்பெண் வினாக்களாக மனப்பாடம் செய்யாமல், நீங்களே எடுத்த எண்களைக் கொண்டு போட்டுப் பாருங்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். அதைக் கற்பிக்கும் பாடங்கள் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்திலும் உண்டு.

ஆய்வகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நுண்ணோக்கியில் தெரிவதை வரையாமல், சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து படத்தைப் பெயர்த்தெழுதும் பழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. இதில் ஆசிரியர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. நீங்கள் தெரிவதை வரையுங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. விலையுயர்ந்த கருவிகள் இல்லை என்பதும் முழுக் காரணமாகாது. சாக்கடை ஓரச் சேற்றில் கிடைக்கும் சிவப்புப் புழு, அதாவது கைரோனோமஸ் இளவுயிரி, ஹீமோகுளோபின் இருப்பதால்தான் சிவந்திருக்கிறது. உப்புக் கரைசலில் வைத்து அதன் தலையை ஊசியால் மெல்ல இழுத்தால் கண்ணாடி போன்ற உமிழ்நீர்ச் சுரப்பிகள் வெளிவரும். அவற்றை அசிட்டோகார்மைன் என்ற சாயத்தில் ஊறவைத்து, மூடுவில்லையைக் கட்டைவிரலால் அழுத்தினால், பல இழைகள் சேர்ந்து பருத்த பாலிடீன் குரோமோசோம்கள் பட்டை பட்டையாகச் சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கியிலேயே தெரியும். பிராக்டிகல் நாளில் ஒரு மாணவருக்கு ஒரு புழுதான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் நசுங்கிவிடும். ஆய்வக உதவியாளரிடம் அனுமதி கேட்டு வேறொரு நாள் பிற்பகலில் கை பழகும்வரை செய்து பாருங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் தடையாக இருப்பது உண்மை. அதற்காகப் பேச்சு ஆங்கில வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட, வாரம் ஒரு கட்டுரை என்று படிப்பது பயன் தரும். இந்திய அறிவியல் கழகத்தார் (இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ்) 1996 முதல் வெளியிடும் ரெசொனன்ஸ் இதழ் இளநிலை மாணவர்களை மனத்தில் வைத்து நடத்தப்படுவது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸாவும் இலவசம். நம் பகுதி உயிரினங்களைப் பற்றிய பட்டியல்கள் படங்களோடு இருக்கும். முதலில் படங்களையும் அட்டவணைகளையும் பாருங்கள், பிறகு செய்முறைப் பகுதியைப் படியுங்கள், முன்னுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுகளைப் பொறுத்தவரை, பெரும்பாலான மாணவர்கள் பெயர்களையே இறுதியாண்டின் முடிவில்தான் கேள்விப்படுகிறார்கள்; அதற்குள் விண்ணப்பத் தேதிகள் முடிந்துவிடுகின்றன. ஐ.ஐ.டி. முதலான நிறுவனங்களில் முதுகலைக்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். அதன் பயோடெக்னாலஜி தாளில் பன்னிரண்டாம் வகுப்பு அளவிலான கணிதம், இயற்பியல், வேதியியல் உண்டு என்பதால் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்துக்கு இரண்டாமாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் பணியாற்றலாம். முதுகலைக்குப் பின், ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்விலும் 200 மதிப்பெண்களில் 30 பொதுத் திறனுக்கு, அதாவது பெரும்பாலும் கணக்குக்கே போகிறது.

பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். மத்திய அரசின் இந்திய வனப்பணித் தேர்வுக்கான தகுதிப் பாடங்களில் விலங்கியலும் தாவரவியலும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன, பி.எஸ்சி. அளவிலான உயிரித் தொழில்நுட்பமோ நுண்ணுயிரியலோ அந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரியில் சேரும்போது பழையதாகத் தோன்றும் பெயர் சில இடங்களில் கதவைத் திறக்கும். ஆசிரியர் பணியோ அரசுத் தேர்வோ நோக்கமாக இருந்தால், அறிவிக்கையில் உங்கள் பட்டம் எந்தப் பெயரில் ஏற்கப்படுகிறது என்பதை முதலிலேயே படித்துவிடுங்கள். குடும்பச் சூழலால் உடனே வேலைக்குப் போக வேண்டியவர்கள், நோய், சிகிச்சைப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போவதை யாரும் இழிவாகப் பேசத் தேவையில்லை. உடற்கூறியலும் உடலியங்கியலும் தெளிவாகத் தெரிந்தவர்கள் அதில் முன்னேறுகிறார்கள்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு நகரங்களில் சில தனியார் மையங்கள் பணம் வாங்கிக்கொண்டு முடிவுகளோடு தயாராகக் கட்டித் தருகின்றன. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். உங்கள் ஊர்க் குளத்தில் ஆறு மாதம் எடுத்த எண்கள் அதைவிட மதிப்புள்ளவை. கோடைக்காலத் திட்டத்துக்கோ மேற்படிப்புக்கோ பரிந்துரைக் கடிதம் கேட்கும்போதும் அந்தக் களக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் ஆசிரியரைச் சந்தியுங்கள். எழுதுவதற்கு ஏதாவது கையில் இருந்தால்தான் அவராலும் உங்களைப் பற்றி ஏதாவது எழுத முடியும்.