கலிபோர்னியாவில் ஒரு தலைமை நீதிபதியை மக்களே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்களாமே, உண்மையா?

உண்மைதான். பெயர் ரோஸ் பேர்ட், 1986 நவம்பரில் நடந்தது. 'நம்மூர்லயும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்' என்ற ஏக்கத்தோடுதான் கேட்டிருப்பீர்கள். எனக்கும் அந்த ஏக்கம் இருந்தது, 2022 வரைக்கும்.

அந்த வருஷம்தான் இங்கே என் முதல் ஓட்டு. தபாலில் வந்த சீட்டைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, கறுப்புப் பேனாவால் வட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த அப்பா எட்டிப் பார்த்தார். கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாலு பேரின் பெயர்கள்; பக்கத்தில் 'ஆம்', 'இல்லை'. எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. கவர்னர் (இங்கே அவர்தான் நம்மூர் முதலமைச்சர் மாதிரி) நியமிப்பார். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நாம் சொல்ல வேண்டும். முழுப் பதவிக்காலம் 12 வருஷம்.

"ஜட்ஜய்யாவுக்கு நீ மார்க் போடறியாக்கும்? அவரு எழுதின தீர்ப்பு ஒண்ணாச்சும் படிச்சிருக்கியா?"

இல்லை. அந்தக் கூச்சத்தில் ராத்திரி தேடப் போய்த்தான் ரோஸ் பேர்ட் கிடைத்தார். சாண்டா கிளாராவில் ஏழைகளுக்காக வாதாடும் அரசு வக்கீலாக இருந்தவர். அப்போதைய கவர்னர் ஜெர்ரி பிரவுனின் அமைச்சரவையில் விவசாயத் துறை அவர் கையில் இருந்தபோதுதான், 1975இல், குட்டைப் பிடி மண்வெட்டிக்குத் தடை வந்தது. நாள் முழுக்கக் குனிந்தே களை வெட்டி முதுகு போனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! 1977இல் நேரே தலைமை நீதிபதி. அந்த நீதிமன்றத்துக்கு வந்த முதல் பெண். அதற்குமுன் எங்கேயும் நீதிபதியாக இருந்ததில்லை.

மரண தண்டனை வழக்குகள் அறுபதுக்கு மேல் வந்தன. ஒன்றில்கூடத் தண்டனையை உறுதிசெய்ய அவர் ஓட்டுப் போடவில்லை. அதை வைத்தே விளம்பரம் செய்து தோற்கடித்தார்கள். கூடவே ரெனோசோ, கிரோடின் என்ற இரண்டு நீதிபதிகளும் போனார்கள். அவர்களை எதிர்த்துப் பேசிய கவர்னர் டியூக்மேஜியனே அந்த மூன்று இடங்களையும் நிரப்பினார். இதுதான் எனக்கு உறுத்துகிறது. 'நீ கொலைகாரனுக்கு வக்காலத்தா?' என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் தீர்ப்புகள் சரியா தப்பா என்று சொல்ல நான் வக்கீல் இல்லை. அன்றைக்கு 'இல்லை' போட்டவர்களில் எத்தனை பேர் அவற்றைப் படித்திருப்பார்கள் என்றுதான் கேட்கிறேன். பதவி போனபிறகு ஒரு சட்ட உதவி மையத்தில் நகல் எடுத்துக் கொடுத்தாராம். 1999இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார்.

நான் இரண்டு பேரின் தீர்ப்புகளை மட்டும் தட்டுத் தடுமாறிப் படித்து 'ஆம்' போட்டேன். மற்ற இரண்டும் காலி. இவ்வளவு மெனக்கெட்டு அனுப்பினால், 'உறைமேல் போட்ட கையெழுத்து பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை' என்று கடிதம் வருகிறது! இருபது வருஷமாகத் தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறேன். 'ழ' கொஞ்சம் கோணினால் நான் வேறு ஆளா? படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்பும்வரை எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அப்பா கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "ஒத்துப்போகலைன்னா திருப்பத்தான் செய்வான். நானும் அதைத்தான செஞ்சேன்."