மர்ம நாவல் விரும்பிகளே, உங்கள் மனதில் நின்ற வரி எது? ஏன்?

மேற்கோள் காட்டும்படி ஒரு வரி சொல்லுங்கள் என்கிறார் கேட்டவர். உண்மையைச் சொன்னால், மர்மக் கதையில் அடிக்கோடு போடத் தோன்றும் வரியைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கதையை நிறுத்தி வைத்துவிட்டு எழுத்தாளர் மேடையேறிவிட்டார் என்று அர்த்தம்.

ஷெர்லாக் ஹோம்ஸையே எடுத்துக்கொள்வோம். ஊர் உலகமெல்லாம் அவர் வாயில் திணிக்கும் “எலிமெண்டரி, மை டியர் வாட்சன்” (இது வெகு சாதாரணம், அன்பு வாட்சன்) என்ற வரி, அவரைப் படைத்த கோனன் டாயில் எழுதிய 4 நாவல், 56 சிறுகதை எதிலும் அப்படியே கிடையாது. நடக்க முடியாததையெல்லாம் தள்ளிவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு நம்ப முடியாததாக இருந்தாலும் அதுதான் உண்மை என்பது 1890-இல் வந்த நாவலில் நிஜமாகவே இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நமக்குத் தோன்றியதை மட்டும்தானே தள்ள முடியும், தோன்றவே தோன்றாததை எப்படித் தள்ளுவது?

எனக்குப் பிடித்தது ஹோம்ஸ் கதையில் நாயைப் பற்றி வரும் வரி. 1892-இல் வந்த சிறுகதை, ஒரு பந்தயக் குதிரை காணாமல் போகிறது. அன்று ராத்திரி நாய் செய்த விசித்திரமான காரியத்தைக் கவனியுங்கள் என்கிறார் ஹோம்ஸ். நாய் ஒன்றுமே செய்யவில்லையே என்கிறார் இன்ஸ்பெக்டர். அதுதான் விசித்திரம் என்கிறார் இவர். வந்தவன் நாய்க்குத் தெரிந்த ஆள், அதனால் குரைக்கவில்லை. தத்துவமும் இல்லை, அலங்காரமும் இல்லை, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் சாதாரணப் பேச்சுதான், ஆனால் மொத்தக் கதையும் அதில் தொங்குகிறது.

இதைவிட ஒரு படி மேலே இன்னொன்று இருக்கிறது. நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன், வெளிவந்து ஏறக்குறைய 100 வருஷம் ஆகியும் கெடுக்க மனசு வரவில்லை. கதையைச் சொல்பவனே கொலைகாரன். கடிதம் வந்தது 8.40-க்கு, நான் கிளம்பும்போது 8.50, செய்ய வேண்டியதில் ஏதாவது விட்டுப்போச்சா என்று கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தேன் என்ற மாதிரி எழுதியிருப்பான். பொறுப்பான ஆள் போலிருக்கிறது என்று நினைத்து முதல் தடவை நான் கடந்து போய்விட்டேன். கடைசி அத்தியாயம் முடிந்ததும் திரும்ப வந்து பார்த்தால் நடுவில் 10 நிமிஷம் காணோம்! ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. காளமேகம் ஒரே பாட்டைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்துகிற மாதிரி பாடினாரே, அந்தச் சிலேடைதான் இதுவும், என்ன, இங்கே இரண்டாவது அர்த்தம் இருப்பதே கடைசியில்தான் தெரியும்.

எழுத்து என்று எடுத்துக்கொண்டாலும் நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான். மறுபடி படித்தால் தாங்குகிறதா? வர்ணனை சுமார், பாத்திரங்கள் அட்டை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். 250 பக்கம் நம்மை இழுத்துவிட்டுக் கடைசியில் இதுவரை பேச்சே இல்லாத ஒரு இரட்டைப் பிறவித் தம்பியைக் கூட்டி வருவார்கள் பாருங்கள், அதுதான் வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்கு 10 விதிகள் எழுதினார், 1929-இல். முன்கூட்டியே கோடி காட்டாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பது அதில் பத்தாவது. அப்போதே நொந்துபோயிருக்கிறார் மனிதர்.

அப்புறம், முடிவு தெரிந்துவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும் என்பதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒரு தடவை கைக்கு வந்த பழைய புத்தகத்தில் எந்தப் புண்ணியவானோ நாலாவது அத்தியாயத்திலேயே ஒரு பெயருக்கு அம்புக்குறி போட்டு “இவன்தான்” என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். வயிறு எரிந்தது. சரி, காசு கொடுத்தாச்சே என்று தொடர்ந்தேன். அந்த ஆள் வாயைத் திறக்கும்போதெல்லாம் எழுத்தாளர் எதை மறைக்கிறார், எப்படி மறைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே போனதில் அன்றைக்குத் தூக்கமே போச்சு. அழித்துவிட்டுத்தான் நண்பனுக்குக் கொடுத்தேன். அம்புக்குறியின் தடம் மட்டும் போகவில்லை, அவன் கவனித்தானா என்று இன்னும் கேட்கவில்லை.